வளையலின் உள்பக்கம்

“அப்ப இது தங்கம் இல்லையா?”

“தங்கமும் இரிக்கி, தங்கச்சி. மேல மட்டும்.”

லோஜினி கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டைச் சுற்றி, வளையல் உட்காரும் இடத்தில், சிவந்து தடித்திருந்தது. நகைக்கு முலாம் பூசும் அந்தச் சின்னக் கடைக்கு அவள் வந்தது, வளையலின் உள்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து மழமழப்பாக்கித் தரச் சொல்லத்தான். அவளுடைய கல்யாணத்தன்று மாமியார் கமலம் தன் கையிலிருந்து கழற்றிப் போட்டுவிட்ட சோடி அது. ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். அங்கே வெறுங்கையோடு போய் நின்றால் கமலம் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் முகம் சுருங்கிப் போகும். அதைப் பார்க்க லோஜினியால் முடியாது.

கடைக்கார ஷப்ராஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து வளையலை மெதுவாகத் திருப்பினான்.

“அடியில பித்தளை. அதுக்கு மேல நிக்கல். அதுக்கும் மேலதான் தங்கம், வெங்காயத் தோல விட மெல்லிசு. உள்பக்கம் தேஞ்சி நிக்கல் வெளிய வந்திரிக்கி. சில பேர்ட தோலுக்கு அது ஒத்துக்காது.”

“அத்த இத்தன வருசமாப் போட்டிருந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலயே.”

அவன் ஊசி முனையால் வளையலின் உள்ளே சுரண்டினான். கண்ணாடி போல ஒரு செதில் உரிந்து வந்தது.

“கியூடெக்ஸ். நகத்துக்குப் பூசுறது, கலர் இல்லாதது. தோல்ல படாம இரிக்க உள்ளுக்குப் பூசி வெச்சிரிக்காங்க. கெட்டிக்கார மனுசி. இதுல முக்காவாசி இப்ப இல்ல. நீங்க என்ன செஞ்சீங்க?”

“பொங்கலுக்குக் கழுவினேன்.”

ஹந்தானையில் அவளுடைய அம்மா வீட்டு வழக்கம் அது. பொங்கலுக்கு முந்தின நாள் இருக்கிற நகையெல்லாம் சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணியில் ஊறும். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்.

“பிரஷ் போட்டு ஒரஞ்சினீங்களா?”

“நல்லா.”

“தங்கத்துக்குச் செய்ற மரியாதைய இதுக்குச் செஞ்சிட்டீங்க” என்று சிரித்தான்.

லோஜினிக்கு மாமியாரின் அலுமாரி மேல்தட்டில் இருந்த கியூடெக்ஸ் போத்தல் ஞாபகம் வந்தது. கமலத்தின் நகங்கள் ஒட்ட வெட்டி மஞ்சள் கறையோடு இருக்கும். அவற்றில் பூச்சு எதையும் யாரும் கண்டதில்லை. அந்தப் போத்தலை வைத்து லோஜினி எத்தனையோ கதை கட்டியிருந்தாள். வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில் கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரலுக்கும் பூசி, காய்ந்ததும் அழித்துவிடுகிறாள் என்பது அதில் அவளுக்கு மிகவும் பிடித்த கதை.

“இத சரி செய்யலாமா, நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“செய்யலாம். நிக்கல உரிச்சி எடுத்திட்டு, செம்பு ஒரு பூச்சு. அதுக்கு மேல பலேடியம்ண்டு ஒண்ணு, மதில் மாதிரி. செம்பு ஏறி வந்து தங்கத்தக் கறுக்க வெக்காது. கடைசியில தங்கம், கொஞ்சம் கனமா. வேர்வைக்குத் தாங்கும், கையக் கடிக்காது. பொறகு பஞ்சால தொடச்சா போதும். பிரஷ் மட்டும் வேணாம். முலாம்ண்டா ஏமாத்து வேலண்டு சனம் நெனக்கிது. மறைச்சி வித்தாத்தான் ஏமாத்து.”

மறுநாள் பின்னேரம் அவள் போனபோது இரண்டாவது வளையல் கம்பியில் தொங்கித் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஷப்ராஸ் மின்சாரத்தைப் போட்டான். சத்தமில்லை, புகையில்லை. சற்றுப் பொறுத்து அவன் தூக்கியபோது, மழை விட்டதும் ஹந்தானை மலையில் விழும் வெயிலின் நிறம் அதில் இருந்தது.

புகுந்த வீடான மஹய்யாவ வீட்டுக் குசினியில், அடுப்போரம், கமலம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வளையல்களைக் கண்டதும் கை நின்றது. ஒன்றைக் கழற்றி வாங்கி, வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே மாமனார் திருச்செல்வம் டிவி முன்னால் இருந்தார்.

“கடையில என்ன சொன்னாங்க?” என்றாள் மெல்ல.

“எல்லாம் சொன்னாங்க, அத்த.”

“கையக் காட்டு.” தடிப்பைத் தடவிப் பார்த்தாள். “இம்புட்டுச் செவந்திருக்கு. வாயத் தொறந்து சொல்றதில்லையா, புள்ள?”

“உங்களுக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னு...”

“நல்ல கூத்து. நான்தான் போத்தலையும் சேத்துக் குடுத்திருக்கணும். கல்யாணத்தன்னைக்கு மருமககிட்ட என்னன்னு சொல்லி அதக் குடுக்கிறது?”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. கமலம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. இந்தியாவுக்குக் கோயில் பயணம் போனவரு, தங்கம்னு நம்பி இத வாங்கி, கால்ல போட்ட சப்பாத்துக்குள்ள ஒளிச்சு, சுங்கத்துக்காரங்க முன்னால வேர்த்து விறுவிறுத்துக் கொண்டுவந்தாரு. அந்தக் கதைய ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்ச பொறகுதான் எனக்குக் கை கடிக்கத் தொடங்குச்சு. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. சொல்றப்ப அவரு மொகத்தப் பாத்திருக்கல்ல நீ? அதக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

செருப்புச் சத்தம் கேட்டது. திருச்செல்வம் வெற்றுத் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் வந்தார். கமலம் வளையலை மருமகளின் கையில் சட்டென்று ஏற்றிவிட்டாள். அவர் கோப்பையை வைத்துவிட்டு, லோஜினியின் விரல்களைப் பிடித்துக் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“பாத்தியா கமலம்? நல்ல தங்கம்னா இதுதான். எத்தன வருசமானாலும் ஒருக்கா மினுக்கினாப் போதும்.”

“ஆமா” என்றாள் கமலம், தேங்காயைப் பார்த்து.

“யாரு மினுக்கினது?”

“டவுன்ல ஒரு கடை, மாமா.”

“தொழில் தெரிஞ்ச ஆளுதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் நிற்கும் மனைவிக்குக் கேட்காது என்பது போல. “உனக்குக் கழட்டிக் குடுத்ததுல இருந்து இவ கை வெறுமையா இருக்கு. இதே தரத்துல ஒரு சோடி எடுக்கணும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். இது எத்தன கெரட்னு அவரு வாயாலயே கேட்டுட்டா நல்லது. நாளைக்கு அந்தக் கடைக்கு என்னயும் கூட்டிட்டுப் போறியா, மக?”