முடிவு பிரமாதம்

1

இந்தக் கதை ஐந்து நட்சத்திரங்களிலிருந்து பிறந்தது. வானத்து நட்சத்திரங்கள் இல்லை; புத்தகம் படித்து முடித்தவர்கள் கைபேசியில் தட்டிவிடுகிற மஞ்சள் நட்சத்திரங்கள். நான் எழுதிய ஒரே நாவலுக்கு அந்த ஐந்தையும் போட்டவள் என் மனைவி. கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: "முடிவு பிரமாதம். கண் கலங்கிவிட்டது."

அந்த நாவலுக்கு முடிவே கிடையாது.

உடனே இது ஏதோ புதுப் பாணி எழுத்து என்று என்னைப் பெரிய ஆளாக்கிவிடாதீர்கள். முடிவை எழுதத்தான் எழுதினேன், மழையெல்லாம் பெய்யவிட்டு, பதினாறு பக்கத்துக்கு. அச்சகத்தில் புத்தகம் தைத்த புண்ணியவான் கடைசி ஃபாரத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். (ஃபாரம் என்பது ஒரே தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்த கட்டு. அப்படிப் பல கட்டுகளை அடுக்கித் தைத்தால் புத்தகம்.) ஆகவே என் நாவல் "கதவைத் திறந்ததும் வெளியே நின்றிருந்த அண்ணன்" என்ற இடத்தில் நிற்கிறது. அண்ணன் என்ன செய்தான் என்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினால் அட்டை வரும்.

எழுதியவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. பிழை கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், அச்சாகி வந்த புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. அட்டையைத் தடவிப் பார்த்ததோடு சரி.

இனிமேல் கதைக்குள் 'நான்' வரமாட்டேன். 'கணவன்' என்று ஒருவன் வருவான். அவனைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருக்கும்.

2

முதல் தொடக்கம்: "ஆண்டின் கடைசி வாரம். காற்றில் ஏதோ ஒரு" — வேண்டாம். காற்றில் ஒன்றுமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவள் பொய் சொன்னாள்." சுருக்கென்று இருக்கிறது. ஆனால் தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் அப்புறம் கதை எதற்கு? அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம், இதையே வைத்துக்கொள்வோம்:

"மூச்சை நல்லா இழுத்து அப்படியே நிறுத்துங்க" என்பதுதான் அவள் பிழைப்பு. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்திவிட்டு "இப்ப விடலாம்" என்று சொல்ல வேண்டும். சில நாள் இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடுவாள், காரணம் மேஜைமேல் விரித்துக் கவிழ்த்த புத்தகம். ஒருமுறை ஒரு பெரியவர் முகம் சிவந்து, கையைத் தூக்கி அனுமதி கேட்டபிறகுதான் மூச்சு விட்டார்.

மருந்துக்கடைக்காரரின் மாடியறையில் கூடுகிற வாசகர் வட்டத்தில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் படிப்பதாக ஜனவரியில் எல்லோரும் சபதம் எடுப்பார்கள். பிப்ரவரியில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிடும். அவள் மட்டும் தொடர்ந்து முதலில் வந்துகொண்டிருந்தாள். வீட்டில், வேலையில், உறவில் எதையும் "முடித்துவிட்டேன்" என்று சொல்ல முடியாதவளுக்கு, முடித்தேன் என்று தட்ட ஒரு பொத்தான் கிடைத்தது. (இது என் ஊகம். அவள் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.)

நாவல் வெளிவந்த வருடம், அவளோடு வேலை செய்தவள் நின்றுவிட்டாள். இரண்டு பேர் வேலை இவள் தலையில் விழுந்தது. டிசம்பரில் புத்தகக் கணக்கு இடித்தது. அந்த மாதத்தில் வட்டத்தார் எல்லோரும் தேடுவது ஒரே வகைப் புத்தகத்தைத்தான்: ஒல்லி, பெரிய எழுத்து, தாராளமான ஓரம். அதற்கு அவர்களிடையே 'டிசம்பர் புத்தகம்' என்றே பெயர். கணவனின் நாவல், முடிவு விடுபட்ட புண்ணியத்தில், அந்த இலக்கணத்துக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. மருந்துக்கடைக்காரர் படித்தார், வரி ஆலோசகர் படித்தார், யோகா டீச்சர் படித்தார். படித்ததாகத் தட்டினார்கள். எல்லோருக்கும் முடிவு பிடித்திருந்தது. எக்ஸ்பிரஸே சொல்லிவிட்டாளே, அதற்கு மேல் என்ன.

3

இங்கே எனக்கு அவள்மீது சந்தேகம் வருகிறது. பாத்திரமாக. யார் யாரோ எழுதியதையெல்லாம் விழுங்குகிறவள், கட்டிய கணவன் எழுதியதைப் படிக்கவில்லை என்றால் வாசகர் நம்ப வேண்டுமே. காரணம் வேண்டும்.

காரணம் ஒன்று: பயம். நன்றாக இல்லையென்றால் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது?

காரணம் இரண்டு: அலுப்பு. பல வருடமாக அவன் எழுத எழுத, அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று கதை சொன்னவன். முடிவை மட்டும் நாலு விதமாகச் சொன்னான். காதால் கேட்டதைக் கண்ணாலும் படிக்க வேண்டுமா?

பாருங்கள், அவள் பக்கத்து நியாயத்தைக்கூட நானே எழுதிக்கொடுக்கிறேன். நல்ல கணவன்.

காரணம் மூன்றை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன், நாவலை நானே முதல்முறையாகப் புத்தகமாகப் படித்தபோது. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற தம்பி, கோபித்துக்கொண்டு போன அண்ணனுக்காகக் காத்திருக்கிறான். இதுதான் கதை. தம்பிக்கு ஒரு மனைவி உண்டு. விளக்கைப் போடுகிறாள், துணி மடிக்கிறாள், கதவருகே நிற்கிறாள். புத்தகம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. விடுபட்ட அந்தப் பதினாறு பக்கத்தையும் கையெழுத்துப் பிரதியில் எடுத்துப் பார்த்தேன். அதிலும் பேசவில்லை. எந்தப் பக்கத்தில் எக்ஸ்பிரஸ் புத்தகத்தை மூடிவைத்திருப்பாள் என்று இப்போது ஓரளவு யூகிக்க முடிகிறது.

4

வட்டத்தில் ஒரு வழக்கம். ஆண்டின் கடைசிக் கூட்டத்தில், முதலில் வந்தவர், அந்த வருடம் அதிகம் பேர் படித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். எல்லோரும் படித்ததுதானே, முடிவு தெரிந்தால் பாதகமில்லை என்பது மருந்துக்கடைக்காரரின் வாதம்.

மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. முன்னால் இரண்டு நாற்காலி, ஒன்றில் அவள், இன்னொன்றில் கணவன், எழுத்தாளராக. கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை. அவள் கணவனின் நாவலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

"கதவைத் திறந்ததும் வெளியே நின்றிருந்த அண்ணன்" என்று படித்தாள். நிறுத்தினாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். வரி அறுந்து கிடந்தது. முடிவைக் காணோம். அடுத்த நொடியே இன்னொன்றும் புரிந்தது: இவள் இந்தப் பக்கத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள்.

அவளுக்கும் புரிந்தது, அவனுக்குப் புரிந்துவிட்டதென்று. எதிரே இருபது முகம். சிரித்து மழுப்பியிருக்கலாம். புத்தகத்தில் தாள் குறைகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முடிவில் கண் கலங்கிய அத்தனை பேர் மானமும் கப்பலேறும், தன்னுடையது முதலில். அதைவிட, பக்கத்து நாற்காலிக்காரன் இத்தனை வருடம் எழுதியதை ஒருவர்கூட முடிக்கவில்லை என்பது அவன் முகத்துக்கு நேரே வெட்டவெளிச்சமாகும். (அவள் அப்படி நினைத்தாள் என்றுதான் எழுத விரும்புகிறேன். விட்டுவிடுங்கள்.)

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள். இல்லாத வரிகளை, வாய் கூசாமல். அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றினான். தம்பி வழிவிட்டு ஒதுங்கினான். நடுவில் ஒருமுறை விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைக்கூடத் திருப்பினாள். திருப்பியது வெற்று அட்டையை. மழை இல்லை. அழுகை இல்லை. என் பதினாறு பக்கத்தை — கணவனின் பதினாறு பக்கத்தை — அவள் பத்துப் பன்னிரண்டு வாக்கியத்தில் தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பியின் மனைவி முன்னால் வந்தாள். ஏதோ சொன்னாள்.

பிறகு கைதட்டல். யோகா டீச்சர் மூக்கை உறிஞ்சினார். ரெண்டாவது தடவை கேக்கும்போதும் அதே மாதிரி இருக்கு என்றார் வரி ஆலோசகர்.

5

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"முடிவு பிரமாதம்" என்றான் கணவன்.

குத்தலாகச் சொல்ல நினைத்ததுதான். ஆனால் அவள் சட்டென்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், உண்மையாகவா என்பதுபோல. அவன் தலையாட்டினான். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

இப்போது சொல்லியாக வேண்டும். மனைவி பாத்திரம் முன்னால் வந்து பேசிய நேரத்தில் கணவன் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் இவளை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது, எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தட்டினார்கள், அவனும் தட்டினான்.

6

அலமாரியில் இருந்த பிரதிகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் மொட்டை. அச்சகத்தில் போய்ச் சத்தம் போட்டேன். முதலாளி அசடு வழிந்தார். விடுபட்ட ஃபாரத்தைத் தம் செலவில் அடித்துச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பழைய முடிவையே போடலாமா, மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். மாற்றம் உண்டு என்று சொல்லிவிட்டேன். மாற்றம் என்னிடம் இல்லை.

என் முடிவு செத்துவிட்டது. அவளுடையதைக் கேட்டபிறகு அந்த மழையை என்னால் படிக்க முடியவில்லை. அவளுடையது முக்கால்வாசி நினைவிருக்கிறது, அந்த ஒரு வரியைத் தவிர. அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் செருப்புக் கழற்றல்.

வட்டத்தில் யாரையாவது விசாரிக்கலாம் என்றால், புத்தகத்தில்தானே இருக்கிறது, நீங்கள்தானே எழுதினீர்கள் என்பார்கள். அவளையே கேட்கலாம். கேட்டால், நீ படிக்கவில்லை என்று நான் சொல்வதாகும். நீங்கள் கேட்கவில்லை என்று அவள் சொல்வாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், பயமாக இருக்கிறது.

ஆகவே முடிவுகள்:

(அ) கணவன் கேட்டுவிடுகிறான். சண்டை. யார் பெரிய பொய்யர் என்பதில் சமன். சினிமாத்தனம்.

(ஆ) அந்த வரியை நானே எழுதிக்கொள்கிறேன். முயன்றேன். "வாங்க, உட்காருங்க" என்றாள். "சாப்பிட்டீங்களா" என்றாள். "இவ்வளவு நாள்" என்று — இல்லை. எதைப் போட்டாலும் என் குரலில்தான் பேசுகிறாள்.

(இ) அச்சகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நாவல் மொட்டையாகவே இருக்கட்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுதான் ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதே.

7

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இத்தனை நேரம் உங்களோடு பேசுவதுபோல நடித்தேன். இந்தத் தாள்களை உன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகப்போகிறேன்.

இதை இழுத்து ஒரு புத்தகமாக்க எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்தேன். மருந்துக்கடைக்காரரின் விதிப்படி அட்டை போட்டது மட்டும்தான் கணக்கு. நாலைந்து தாள் கதை சேராது. இதைப் படித்தால் உன் எண்ணிக்கை ஏறாது, தட்டுவதற்குப் பொத்தானும் கிடையாது. அப்படியும் நீ இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், எனக்காக மட்டும் படித்திருக்கிறாய்.

தம்பியின் மனைவி முன்னால் வந்து என்ன சொன்னாள்? அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. சொல்லு, இப்போது கேட்கிறேன்.