கணக்கில் வராத அடி

நாட்டில் எத்தனை பேருக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. கேட்கக் கேட்க, மண்டையில் இடி வாங்காத மனிதனே இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. குளியலறையில் வழுக்கியவர், அலமாரிக் கதவில் மோதியவர், தம்பி எறிந்த கல்லை நெற்றியில் வாங்கியவர். எல்லோரையும் எழுதி மாளுமா? அதனால் மேலிடத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். நினைவு தப்பியிருந்தால் கணக்கில் சேரும். தப்பாவிட்டால் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

அன்று காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கொத்து வேலைக்குப் போன கணவன் பாதியில் திரும்பி வந்தான்.

“சாரத்துல இருந்த குழாய் மண்டையில விழுந்துருச்சு. லேசா வலிக்குது.”

நடந்து வந்தான், பேசினான். அவளுடைய விதிப்படி அது அடியே இல்லை.

“பாத்து வேலை செய்யக் கூடாதா? படுத்துத் தூங்குங்க, சரியாயிடும்” என்று கிளம்பிவிட்டாள். ஊரையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவள், வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மதியம் ஒரு தையற்காரியின் வீடு.

“வீட்ல யாருக்காவது தலையில அடிபட்டு நினைவு தப்பியிருக்காக்கா?”

“எங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டுச்சு. நினைவெல்லாம் தப்பலம்மா. படியில விழுந்தாரு, அவராவே எந்திரிச்சாரு, நல்லாத்தான் பேசினாரு. தலை வலிக்குதுன்னு படுத்தாரு.” தையற்காரி நூலைப் பல்லால் கடித்தாள். “அப்புறம் எந்திரிக்கவே இல்ல.”

பழக்க தோஷத்தில் பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் போயிருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

“என்னம்மா, ஏன் இப்படி வேர்க்குது?”

காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பாவி, நானே அல்லவா தூங்கச் சொன்னேன் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். தலையணையெல்லாம் வாந்தி. உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், கடைசியில் கோபத்தோடு ஓர் அறையே விட்டாள். கண் பாதி திறந்தது. பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் வந்து தோள் கொடுத்தார்.

காரில் அவன் தலை அவள் மடியில் இருந்தது. கண் சொருகிச் சொருகிப் போனது. அவனைப் பேச வைக்க வேண்டும், ஆனால் என்ன பேசுவது? வாய்க்கு வந்தது தினமும் கேட்கிற கேள்விகள்தான்.

“உங்க வயசு என்ன?”

“நாப்பத்தொண்ணு.”

“என்ன வேலை?”

“கொத்து வேலை.”

அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. “வீட்ல எத்தனை பேரு?”

வெகுநேரம் யோசித்தான். “ரெண்டு பேரு. நானும் எங்கம்மாவும்.”

அவன் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. டாக்சிக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் விரட்டினார். அவனும் அவள் முகத்தைத்தான் பார்த்தான், மரியாதையாக.

“நீங்க எந்த ஆபீஸ்மா?”

“கணக்கெடுக்க வந்திருக்கேங்க” என்றாள். “தூங்கிடாதீங்க. இன்னும் கேள்வி இருக்கு.”