அலவி முதலாளியின் இராணுவ ரகசியம்

பட்டாளத்துக்குப் பை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்த மறுநாளே அலவி முதலாளி கடைப் பலகையை இறக்கிவிட்டார். பதுளை பஜாரில் இருபது வருடமாக 'அலவி ஸ்டோர்ஸ்' என்றிருந்த கடை, 'அலவி அன் சன்ஸ், பாதுகாப்பு வழங்குநர்கள்' ஆயிற்று. அவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். சன்ஸ் எங்கே என்று கேட்டவர்களிடம், கம்பனி என்றால் அப்படித்தான் போட வேண்டும் என்றார்.

அதுவரை அங்கே சாரமும் பள்ளிக்கூடச் சட்டையும் விற்றார்கள். பின்கட்டில் நாங்கள் ஆறு பெண்கள் மெஷின் மிதித்தோம். ஆறு பேருமே நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்கள். தைக்கத் தெரிந்தவர்கள் என்று முதலாளியே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். துணி வெட்டிக் கொடுப்பதும் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அதற்காக எனக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டில் போட்டால் மீதி இடத்தில் பக்கவாட்டில்தான் நடக்கலாம். மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. ஆனால் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கும் கதவு உண்டுதான். அங்கே அண்ணன் குடும்பம் ஏழு பேர், நான் எட்டாவது. நான் தாழ் போட்டால் ஏழு பேர் வெளியே நிற்க வேண்டும். கங்காணி நினைத்த நேரம் தலையை நீட்டி யார் வேலைக்கு வரவில்லை என்று பார்ப்பார். உடை மாற்ற இருட்டும்வரை காத்திருந்தவள் நான். இங்கே பட்டப்பகலில் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுகத்துக்காக அலவி முதலாளியின் கோமாளித்தனம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

கோமாளித்தனம் கொஞ்சநஞ்சமில்லை. பின்கட்டுக்குத் திரை போட்டார். பட்டாளத்து வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது, 'பை' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, 'அது' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்க மூத்த மகள் நபீலாவை வாசலில் நிறுத்தினார். எங்களில் ஒருத்தியான இராக்கம்மாவின் கருவாட்டுக் குழம்புப் பாத்திரத்தை முதல் நாள் திறந்தவள், இரண்டாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் செய்து என்ன பயன்? பக்கத்து இறைச்சிக்கடை ஸமீம் தெருவில் நின்றபடியே, வேலை எதுவரை வந்தது என்று என்னிடம் கேட்க, "ஜெயலெட்சுமி, ஆமிக்காரங்கட பை எந்தளவுல ஈக்கி?" என்று கூவுவார்.

எல்லாவற்றுக்கும் உச்சம், முகாமில் இருந்து வந்த மாதிரிப் பை. அதை முதலாளி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அளவை மட்டும் சொன்னார்.

"மாதிரிய ஒருதரம் காட்டுங்க முதலாளி. பாத்தாத்தானே தைக்கலாம்" என்றேன்.

"அது அரசாங்க ரகசியம் புள்ள. காட்ட ஏலாது."

"அப்ப எப்படி இருக்கணும்னாவது சொல்லுங்க."

எழுந்து நின்று கையை வீசிக் காட்டினார். "முதுகுல தொங்கணும். ரெண்டு கையும் சும்மா இருக்கணும், துவக்குப் புடிக்க. மலை ஏறக்குள்ள பாரம் ஆடப்படாது. நல்ல பலமான வார் போடணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இதற்கா இவ்வளவு ரகசியம்? வயதுக்கு வந்த நாளிலிருந்து முதுகில் பாரத்தோடு மலை ஏறினவர்கள் நாங்கள், இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக்கொண்டே. கூடைக்குக் கயிறு எப்படியோ, பைக்கு வார் அப்படி. ஒரே வார், நீளமாக, பையின் இரு பக்கமும் இழுத்துத் தைத்து, தலையில் மாட்டிக்கொள்ளத் தோதாக. நெற்றியை அறுக்காமல் இருக்க உள்பக்கம் மெத்தென்று துணி வைக்கலாம் என்று இராக்கம்மா சொன்னாள். பட்டாளத்துப் பிள்ளைகளும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று வைத்தோம்.

முதலாளி தினமும் வந்து பை அடுக்கைத் தட்டிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், "நல்ல வார்" என்றார். வாழ்நாளில் ஒரு சுமை தூக்கியறியாத மனிதர். அவருக்கு வார் என்றால் வார்.

கேட்ட ஐந்நூறு பையும் முடிந்ததும் முகாமில் இருந்து ஒரு மேஜர் இரண்டு சிப்பாய்களோடு பார்க்க வந்தார். முதலாளி கோட்டுப் போட்டிருந்தார். மேஜர் ஒரு பையை எடுத்து ஒரு சிப்பாயிடம் கொடுத்தார். அவன் வாருக்குள் ஒரு கையை விட்டான். பை சறுக்கி அவன் பின்பக்கத்தில் மோதியது. கழுத்தில் மாலையாகப் போட்டுப் பார்த்தான், மூச்சு முட்டியது. இராக்கம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. "இங்க வா தம்பி" என்று போய், வாரை அவன் தொப்பிக்கு மேலே மாட்டிப் பையை முதுகில் இறக்கிவிட்டாள். காலையில் கொழுந்து எடுக்கப் பெரட்டுக்குப் புறப்பட்டவன் மாதிரியே நின்றான். மற்றச் சிப்பாய் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மே மொனவத, முதலாளி?" என்றார் மேஜர். இது என்ன என்றுதான் கேட்டார், ஆனால் கேட்ட விதத்தில் முதலாளியின் கோட்டு நனைந்துவிட்டது.

முதலாளி ஓடிப்போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். மாதிரிப் பையை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். இரண்டு வார், தோளுக்கு ஒன்று. அவ்வளவுதான் ரகசியம். முதலாளி என் பக்கம் விரலை நீட்டி, இந்தத் தோட்டத்துப் பெண் செய்த வேலை, சொன்னது எதுவும் இவர்கள் மண்டையில் ஏறாது என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அதே சிங்களத்தில் மேஜரிடம் சொன்னேன், மாதிரி இந்த நிமிடம்வரை பெட்டிக்குள் இருந்தது, கேட்டும் காட்டவில்லை என்று. மேஜர் முதலாளியைப் பார்த்தார். கண்டியில் நடைபாதையில் இதே பை விற்கிறார்கள், சிவனொளிபாதமலைக்குப் போகிறவன் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போகிறான், இதில் என்ன ரகசியம் என்றார். பதினான்கு நாளைக்குள் திருத்தாவிட்டால் ஒப்பந்தம் கொழும்புக்காரனுக்கு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரைதான் முதலாளி வாயை மூடியிருந்தார்.

"பெரிய மனிசருக்கு முன்னால என்ன அவமானப்படுத்திட்ட. ஒனக்கு இனி இங்க வேலை இல்ல. பொழுது சாய முந்தி அறையக் காலி பண்ணு."

நேரே போய் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். என் பெட்டியில் துணியை அடுக்கத் தொடங்கினேன். வேலை போனதுகூடப் பெரிதில்லை. அண்ணன் வீட்டு அடுப்படியில் என் பாய் விரித்த இடத்தில் இப்போது அவன் மகள் படுக்கிறாள். இந்த நான்கு சுவரை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பயமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

வெளியே மெஷின் சத்தம் கேட்கவில்லை. இராக்கம்மாவின் குரல்தான் கேட்டது.

"அவ வராம நாங்க ஊசியத் தொடமாட்டோம் முதலாளி. வேற ஆளப் பாத்துக்கங்க."

பார்க்கத்தான் போனார். நோன்புப் பெருநாள் நெருங்கும் சமயம், பஜாரில் ஒரு தையல்காரருக்கும் தலை நிமிர நேரமில்லை. அவர் செருப்புச் சத்தம் தெருவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் என் அறைப் பக்கம் வந்து நின்றது. பிறகு கதவைத் தட்டினார், மெதுவாக.

"யாரு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நான்தான் புள்ள. அலவி. நீ எங்கயும் போக வேணாம், அறைய நீயே வெச்சுக்க." தொண்டையைச் செருமினார். "உள்ள வரலாமா?"

கடை அவருடையது, சுவர் அவருடையது, கதவும் அவருடையது. முப்பத்து நான்கு வயதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, கங்காணியும் இல்லை, கூடப்பிறந்த அண்ணனும் இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அடைத்து, குரல் சரியாகும்வரை அவரை நிற்க வைத்தேன்.

"வேணாம்," என்றேன். "அங்கேயே நின்னு சொல்லுங்க."