மைனஸ் தொண்ணூறு பேர்

கணக்கெடுக்க வந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து எங்கள் வீட்டு மேஜைமேல் வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விமான நிலையச் சுங்கத்தில் காலமெல்லாம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். சுகாதாரத் துறைக்கும் நாணயத்துக்கும் என்ன சம்பந்தம்?

"ரொம்ப சுலபம் ஐயா," என்றாள். "ஒவ்வொருத்தரா உள்ளே போய் இதைச் சுண்டுங்க. என்ன விழுந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். தலை விழுந்தா, கேள்வியைப் பத்திக் கவலைப்படாம 'ஆமாம்'னு சொல்லிடுங்க. பூ விழுந்தா மட்டும் உண்மையான பதிலைச் சொல்லுங்க."

"கேள்வி என்ன?"

"காசநோய் இருக்கறதை வெளியே சொல்லாம மறைச்சது உண்டா? இல்லேன்னா, மாத்திரை ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்தினது உண்டா?"

"இதை எங்க வீட்டிலயா கேக்கறே?"

"எல்லா வீட்டிலயும்தான் ஐயா. நீங்க ஆமாம்னு சொன்னாலும், தலை விழுந்து சொன்னீங்களா நிஜமாவே சொன்னீங்களான்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தக் காசு."

நான் நாணயத்தைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். சிலமுறை சுண்டியும் பார்த்தேன். நாணயத்தில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர்கள் வரப்போகிற செய்தி எனக்கு முன்பே தெரியும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் நான். கூட்டம் கூட்டி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: இது கௌரவமானவர்கள் வாழ்கிற இடம், நோயைப் பற்றி எதை எப்படிக் கேட்டாலும் எந்த வீட்டிலிருந்தும் 'ஆமாம்' என்ற சொல் வெளியே வரக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்று அதை வழிமொழிந்தார். பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அவருக்கு சைரன் என்று பெயர். அவர் வழிமொழிந்ததைக் கூட்டத்துக்கு வராதவர்களும் கேட்டிருப்பார்கள். என் வீட்டாருக்குத் தனியாகவும் சொல்லியிருந்தேன்.

முதலில் நான் போனேன். சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுண்டினேன். தலை விழுந்தது. வெளியே வந்து, "இல்லை," என்றேன். அடுத்து என் மனைவி, "இல்லை." பிறகு மகன், தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை." மாடி அறையில் தனியாக இருக்கிற என் தம்பி இறங்கி வந்தான். வீட்டில் எல்லோரும் அவனை மாடியார் என்றுதான் சொல்வோம். அவனும் உள்ளே போய் வந்து, "இல்லைம்மா," என்றான்.

கடைசியாக மருமகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். உள்ளே போனாள், வந்தாள்.

"ஆமாம்," என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். கணக்கெடுக்க வந்தவள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் குறித்துக்கொண்டு, நாணயத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"என்ன இது?" என்றேன்.

"தலை விழுந்துச்சு மாமா. சொன்னேன்."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"எங்க கடைக்குச் சில பேர் வருவாங்க மாமா. எழுத்து தெரியலைன்னு ஒத்துக்கக் கூச்சப்பட்டு, முன்னாடி உக்காந்திருந்தவர் படிச்சதைக் காதுல வாங்கி மனப்பாடமா ஒப்பிப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன கண்ணாடி குடுக்கறது?"

பதில் சாமர்த்தியமாக இருந்தது. சாமர்த்தியமான பதில் வந்தால் பெட்டியை இன்னொரு முறை திறந்து பார்ப்பது என் வழக்கம்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். இருமினாள் என்றால் ஏன் இருமினாள்? இளைத்திருக்கிறாளே, முன்பும் இப்படித்தானா? கல்யாணத்துக்கு முன் அவள் வீட்டில் சரியாக விசாரித்தோமா? அவள் வேலைக்குப் போனதும் குளியலறை அலமாரியைப் பார்த்தேன். குப்பைக்கூடையைக் கிளறினேன். மாத்திரை அட்டை எதுவும் அகப்படவில்லை. அகப்படாததும் எனக்கு ஒரு தடயமாகத்தான் பட்டது. அவ்வளவு சுத்தமாக யாரும் இருப்பதில்லை.

என் மனைவி மருமகளின் துணிகளைத் தனியாகத் துவைக்கப் போட்டாள். வாளியே வேறாகிவிட்டது.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த வாரக் கடைசிக்குள்ள அவளுக்குப் பரிசோதனை எடு. எடுக்க மாட்டேன்னா, கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுல இருக்கட்டும்."

"அப்பா, தலை விழுந்துச்சுன்னு சொல்றாளே."

"நீ பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. யாரும் பார்க்க முடியாதபடிதானே அந்த ஏற்பாடு.

மருமகள் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். குரல் உயரவில்லை. "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கறேன் மாமா. நான் மட்டும்னா மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போன்னா போறேன். ஆனா அப்படிப் போனா, கூப்பிடறதுக்கு நீங்கதான் வரணும்."

குடும்பத்தோடு சுகாதார நிலைய வாசலில் வரிசையில் நிற்பதா? அவள் வீட்டு வாசலில் போய் நான் நிற்பதா? இரண்டும் நடக்கிற காரியமில்லை. பெட்டியைக் கட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவளும் கட்ட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்திலிருந்து, சங்கத் தலைவர் வந்து பார்க்க வேண்டும் என்று தகவல் வந்தது.

புள்ளிவிவர அதிகாரியின் அறை முழுக்கத் தடுப்பூசி வந்த காலி அட்டைப்பெட்டிகள். உட்காரவிருந்த நாற்காலியிலும் ஒன்று இருந்தது. அவர் அதைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் மைக் கறை. இவரா கணக்குப் போடுகிறவர் என்று தோன்றியது.

"சார், உங்க குடியிருப்புக் கணக்கு வந்துடுச்சு," என்றார். "நூத்துக்கு மைனஸ் தொண்ணூறு பேருக்கு நோய்."

"என்னது?"

"யாருக்குமே இல்லைங்கறதைவிடவும் குறைவு சார். நான் மூணு தடவை போட்டுப் பார்த்தேன். என்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "நூறு பேர் காசு சுண்டினா ஏறக்குறைய அம்பது பேருக்குத் தலை விழும். அந்த அம்பதும் ஆமாம். மிச்சம் அம்பது பேர் உண்மையைச் சொல்லுவாங்க. மொத்தம் அம்பத்தாறு ஆமாம் வந்துச்சுன்னு வைங்க, மேல இருக்கற அந்த ஆறுதான் நிஜம். அம்பதுல ஆறு, அதாவது நூத்துக்குப் பன்னெண்டு. யாரு அந்த ஆறுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இத்தனை பேருக்கு மாத்திரை வேணும்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதை வெச்சுத்தான் எந்த இடத்துல மருந்து அறை திறக்கறதுன்னு முடிவு பண்றோம்."

"சரி."

"உங்க இடத்துல நானூறு பேர். ஒருத்தருக்குக்கூட நோய் இல்லேன்னாலும் இருநூறு ஆமாம் வந்திருக்கணும். வந்தது பத்தொம்பது. நானூறு பேர்ல முக்கால்வாசிக்கு மேல ஒரே மாதிரி பூ விழாது சார். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

என்னையே பார்த்தார். எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பார்வையை எத்தனையோ பேர்மேல் நான் வீசியிருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "எங்க இடத்து மானத்துக்காகச் சொன்னேன். அதுல எனக்கு வெட்கமில்லை."

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். "இருநூறு பேர் ஆமாம்னு சொன்னா, அதுல நிஜ நோயாளி பத்துப் பேர் இருந்தாலும் கூட்டத்தோட கூட்டம் சார். யாரும் யாரையும் கேக்க முடியாது. நீங்க கூட்டத்தைக் கலைச்சுட்டீங்க. இப்ப அந்தப் பத்தொம்பது பேர் வெட்டவெளியில நிக்கறாங்க. அவங்கவங்க வீட்டுல என்ன பாடு படறாங்களோ."

பேச்சை மாற்றினேன். "அப்போ அந்தப் பத்தொம்பது பேருக்கும் நோயா?"

"எப்படித் தெரியும்? விதிப்படி நடந்தவங்களா இருக்கலாம். நோய் இருக்கறவங்க இந்தப் பக்கம், 'இல்லை'ன்னு சொன்ன கூட்டத்துக்குள்ளயே இருக்கலாம். உங்க தெருவுல 'இல்லை'ங்கறதுக்கு அர்த்தமே கிடையாது சார். மறுபடி எடுக்கணும். இல்லேன்னா மருந்து அறை வேற இடத்துக்குப் போயிடும்."

வெயிலில் நடந்தே திரும்பினேன். விமான நிலையத்தில் இரண்டு வழி உண்டு. அறிவிக்க ஏதாவது இருப்பவர் சிவப்பு வழியில் வந்து தாமாகவே பெட்டியைத் திறப்பார். எதுவும் இல்லை என்பவர் பச்சை வழியில் நடந்துபோவார். கடத்தல்காரன் எவனும் சிவப்பு வழியில் வந்து நான் பார்த்ததில்லை. பச்சை வழியில் நின்று வேலை பார்த்தவன், என் வீட்டில் சிவப்பு வழியில் வந்தவளின் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். ஆனால் நாங்கள் நால்வர் 'இல்லை' என்றோமே? நான்கு நாணயமும் பூவாக விழுவது பதினாறில் ஒரு தடவைதான் நடக்கும். நடக்கவும் இல்லை என்பது எனக்கே தெரியும். எனக்கு விழுந்தது தலை. மற்ற மூன்று பேரில் யார் எதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்?

தெருமுனையிலேயே என் கண் மாடி ஜன்னலுக்குப் போய்விட்டது. திறந்திருந்தது. எப்போதும் திறந்தே இருக்கும். காற்று வேண்டும் என்று சொல்லித்தான் தம்பி மாடிக்குப் போனான். சாப்பாட்டை மேலேயே வாங்கிக்கொள்கிறான். தட்டைத் தானே கழுவிக்கொள்கிறான். எங்களோடு பேசும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுதான் பேசுகிறான். ஒழுங்கான பிள்ளை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

அவன் வெளியே போயிருந்தான். மாடிப்படியில் பாதி தூரம் ஏறிவிட்டேன். கதவு பூட்டப்படுவதில்லை. அலமாரியில் என்ன இருக்கும், கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கும், எங்கே கை வைத்தால் எது வரும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். எடுத்துவிட்டால்? அவனும் ஒரு பெட்டியைக் கட்டுவான். அண்ணன் முகத்தில் விழிக்காமல் எங்காவது போய் மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருப்பான். நான் இறங்கி வந்தேன்.

கூடத்தில் மருமகளின் பெட்டி தயாராக நின்றது.

"அதை உள்ள வைக்கச் சொல்லு," என்று மனைவியிடம் சொன்னேன். "யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"ஏங்க, அங்க என்ன சொன்னாங்க? இவளுக்கு ஒண்ணும் இல்லையாமா?"

"அது யாருக்கும் தெரியாதாம்."

"அப்புறம் எதுக்குங்க இத்தனை கணக்கு?"

நல்ல கேள்விதான். "துணியெல்லாம் ஒரே வாளியில ஊறட்டும்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வெயிலில் நடந்ததால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் நினைப்பது தெரிந்தது.

மறுபடி சங்கக் கூட்டம். சொன்ன சொல்லை நான் திரும்பப் பெற்றதில்லை. அன்று பெற்றேன். நாணயம் சொல்கிறபடி பதில் சொல்லுங்கள் என்றேன்.

"தலைவரே," என்று சைரன் எழுந்தார். "போன தடவை ஒரு பேச்சு, இந்தத் தடவை ஒரு பேச்சா? நாங்க எதைக் கேக்கறது? உங்க வீட்டுல ஏதோ சங்கதி இருக்குன்னு பேசிக்கறாங்களே, அதுக்காகவா?"

முன்வரிசையில் என் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் நிமிர்ந்து இருந்தாள். தம்பி கடைசி வரிசையில், கதவோரமாக.

"முதல்ல என்னை எடுத்துக்கம்மா," என்று, மறுபடி கணக்கெடுக்க அங்கே வந்திருந்த பெண்ணிடம் சொன்னேன்.

சங்க அறையில் பீரோவுக்குப் பின்னால் மறைவாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். போய்ச் சுண்டினேன். விழுந்ததைப் பார்த்தேன். வெளியே வந்து, சைரனைவிடக் கொஞ்சம் குறைவான குரலில், "ஆமாம்," என்றேன்.

சைரன் தன் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலை விழுந்துதான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு அடுத்து வருகிற ஒவ்வொருவரும் அதையே சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல முடியாதவர் மாட்டிக்கொள்வார். அதனால் வாய் திறக்கவில்லை. என்ன விழுந்தது என்று இதைப் படிப்பவர்களுக்கும் சொல்வதாக இல்லை.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஆமாம், இல்லை, ஆமாம், ஆமாம். சைரன்கூட ஆமாம் என்றார், அவரால் முடிந்த அளவு மெதுவாக. மருமகள் இந்தத் தடவை இல்லை என்றாள். தம்பி ஆமாம் என்றான். கதவோரம் திரும்பிப் போகும்போது ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

நூற்றுக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வந்தது. இப்போது மைனஸ் இல்லை. சங்கத்தின் சாமான் அறையைக் காலி செய்து மருந்து அறை ஆக்கினார்கள். ஆனால் வாசலில் பலகை மாட்டிய பிறகும் யாரும் உள்ளே போகவில்லை. யார் முதலில் போகிறார்கள் என்று தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு காலையில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். என் பக்கத்தில் நிற்காமல், கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அண்ணா, உங்களுக்குத் தனியா போகக் கூச்சமா இருந்தா, நானும் கூட வர்றேன்."

அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்காக வருகிறானா, என்னைச் சாக்காக வைத்துக்கொண்டு வருகிறானா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். அவன் செருப்பைப் பார்த்தேன்.

"வா, போலாம்," என்றேன்.

தெருவில் இறங்கியதுமே எதிர்வீட்டு பால்கனியிலிருந்து சத்தம் வந்தது. "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் காலையிலேயே எங்க கிளம்பிட்டீங்க?"

"மருந்து அறைக்கு."

"யாருக்கு?"

தம்பியின் நடை தயங்கியது. ஜன்னல்கள் எல்லாம் காது கொடுத்துக்கொண்டிருந்தன.

"எங்க வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக மருந்து அறைப் படியேறினேன்.