ஆளுக்கொரு கரை

திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, ஓர் இரவு பெரிய ஓட்டலில் தங்குவது என்று ஷாங்காயில் பெய்ஃபனும் அவள் கணவன் ஷுவும் முடிவு செய்தார்கள். எந்த ஓட்டல் என்பதில்தான் சண்டை. அவள் கேட்டது ஆற்றின் கிழக்குக் கரையில், வானளாவிய கண்ணாடிக் கோபுரத்தில் இருப்பது. அவன் கேட்டது மேற்குக் கரையில், பழைய கல் கட்டடத்தில் இருப்பது. இரண்டுமே ஊருக்கு ஊர் கிளை உள்ள பெரிய ஓட்டல்கள்.

"உன் ஓட்டல்ல தாத்தா காலத்து வாடைதான் அடிக்கும்."

"உன்னுது ஆபீஸ் மாதிரி இருக்கும். லிஃப்ட்லயே பாதிப் பொழுது போயிடும்."

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஆளுக்கொரு ஓட்டலில் அறை எடுத்துத் தனித்தனியே போய்விட்டார்கள்.

அவ்வளவு பெரிய கட்டிலில் தனியாக உட்கார்ந்திருக்க பெய்ஃபனுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலமே கிளம்பி அக்கரைக்குப் படகு ஏறினாள். நடு ஆற்றில் எதிரே வந்த படகில், கையில் சுடச்சுடக் கறிக் கொழுக்கட்டைப் பொட்டலத்துடன் ஷு நின்றிருந்தான்.

உடனே போன் போட்டாள். "ஷு! எங்க கிளம்பிட்ட?"

"உன்கிட்டதான். நீ?"

"எறங்குற எடத்துலயே நில்லு. நீயும் திரும்பி வந்து தொலைச்சிடாத. நான் வர்றேன்."

அவன் நின்றான். அவள் அறைச் சன்னலோரம் உட்கார்ந்து இருவரும் கொழுக்கட்டை தின்றார்கள். அக்கரையில் அவன் ஓட்டல் விளக்கொளியில் தகதகவென்று மின்னியது.

"ஒத்துக்கறேன். உன் ஓட்டல் அழகாத்தான் இருக்கு" என்றாள் பெய்ஃபன்.

"நான்தான் சொன்னேனே!"

"ஆனா அதப் பாக்க என் ஓட்டலுக்குல்ல வர வேண்டியிருக்கு."