வெர்மான்ட்டை விட்டுப் போக நினைத்த ஊர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹார்லோ ஊர், வரி தாளாமல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து விலகி, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் சேரப்போவதாகத் தபால் நிலையத்தில் கேள்விப்பட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். எல்லைக்குப் போக, காரில் முக்கால் மணி நேரம். நடுவில் நான்கு ஊர்கள். அவையெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, நாங்கள் மட்டும் எப்படித் தாண்டிக் குதிப்பது? பணக்கார ஊரின் கொழுப்பு என்று எழுதத் தொடங்கினேன்.

முதல் வரி: பனிச்சறுக்கு மலையடியில் பணம் கொழிக்கும் ஓர் ஊர், தன் பணத்தை யாருக்கும்—

(விட்டுவிட்டேன். கோரின் ஃபைஃபீல்டின் விடுதியில் காபி குடித்துக்கொண்டே இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

2

விலகும் தீர்மானத்தைக் கொண்டுவந்த பெண்மணியே கோரின்தான். முதல் வரைவில் அவருக்கு விலையுயர்ந்த ரோமக் கோட்டு ஒன்று மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். அவர் போட்டிருப்பது முழங்கையில் நைந்த ஸ்வெட்டர்.

பாஸ்டன் நகரத்துப் பணக்காரர்கள் மலைச்சரிவெங்கும் மாளிகை கட்டினார்கள். நிலத்தின் மதிப்பு ஏறியது. அதோடு கோரினின் அப்பா விட்டுப்போன விடுதிக்கும் வரி ஏறியது. அந்த வரி மாநிலப் பொதுநிதிக்குப் போய், அங்கிருந்து ஏழை ஊர்களின் பள்ளிகளுக்குப் போகிறது. பின்புறத்து வயலைக் கோரின் போன வருஷமே விற்றாயிற்று. இனி விற்க, அவர் குடியிருக்கும் அந்த விடுதிதான் மிச்சம்.

"மதிப்பு ஏறிடுச்சாம்! கூரை ஒழுகுது. அந்த மதிப்பைக் கொண்டுவந்து ஓட்டையில அடைக்கச் சொல்லுங்க பார்ப்போம்" என்பார்.

3

கோரினுக்கு ஓர் அக்கா உண்டு, அர்லீன். மலைக்குக் கீழே டாரோ என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளி ஆசிரியை. அந்தப் பள்ளி மூச்சு விடுவது பொதுநிதியால்தான். ஹார்லோ மாதிரி ஊர்கள் கழன்றுகொண்டால் அதை இழுத்து மூட வேண்டியதுதான்.

(கதைக்காகவே பெற்றெடுத்த அக்கா மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் சந்தேகப்படலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து, ஒரு வரைவில் அவரைத் தூரத்து உறவாக்கிப் பார்த்தேன். சண்டையில் உப்பு உறைப்பே இல்லை.)

4

மார்ச் மாத ஊர்க்கூட்டம். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள், பின்னால் மதியச் சாப்பாட்டுக்கு அவரைக்கொட்டை வேகும் வாசனை. நடத்துபவர் ஃப்ளாய்ட்.

"நடுவுல இருக்கற நாலு ஊரை என்ன பண்றதாம்?" என்றார் ஒருவர்.

"அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா போச்சு!"

சிரிப்பு அடங்கும்போது கடைசி வரிசையில் அர்லீன் எழுந்து நின்றார்.

"ரெண்டு நிமிஷம் பேசணும், ஃப்ளாய்ட்."

வெளியூர்க்காரர் பேச வேண்டுமென்றால் சபை சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் முடியாது.*

கோரின் திரும்பினார். "அர்லீன், இதை வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசத்தான் வந்தேன். நீ கதவையே திறக்கல."

"நீ ஓட்டுப் போடறது டாரோவுல."

"பொறந்தது இங்கதாண்டி. உன்னைத் தொட்டில்ல ஆட்டினதும் இங்கதான்."

ஃப்ளாய்ட் தொண்டையைச் செருமினார். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அர்லீன் பேசினால் பாதிப் பேரின் மனம் மாறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கைகூட எழவில்லை. அக்கா தங்கை விவகாரம், நமக்கு எதற்கு என்று ஊர் மொத்தமும் கோரினைப் பார்த்தது.

* பாஸ்டன் மாளிகைக்காரர்கள் வந்து அறிவுரை சொல்வது பொறுக்காமல் இந்த விதியைப் போன கூட்டத்தில் முன்மொழிந்து நிறைவேற்றியவர் கோரினேதான். அன்று நானும் கைதட்டினேன்.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

கோரின் கை தூக்குகிறார். அர்லீன் கோட்டை எடுத்துக்கொண்டு போகிறார். தீர்மானம் ஜெயிக்கிறது. மாநிலத் தலைநகரில் அதை மதித்துப் படிக்க ஆளில்லை. விடுதியும் போகிறது, அக்காவும் போகிறார்.

கோரின் சும்மா இருக்கிறார். அர்லீன் பேசுகிறார், தீர்மானம் தோற்கிறது. பள்ளி பிழைக்கிறது. அப்பா விட்டுப்போன விடுதியை ஒரு பாஸ்டன்காரர் வாங்கி இடிக்கிறார்.

மாநிலமே இறங்கிவந்து, வரியையும் குறைத்து, பள்ளியையும்— (வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.)

6

அன்று என்ன நடந்தது என்று ஹார்லோவில் எல்லோருக்கும் தெரியும். எழுதலாமா என்று கோரினிடமே கேட்டேன். பாத்திரம் தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை.

"கை தூக்கினேன்னு எழுதினா ராட்சசிம்பாங்க. தூக்கலன்னு எழுதினா தேவதைம்பாங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் அதோட என்னை முடிச்சுடுவாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்து நான் பட்ட பாட்டை மட்டும் எழுதுங்க. போதும்."

அந்தப் பாட்டை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணியை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய அக்காவையும் பிடிக்கும். ஆகவே இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

ஃப்ளாய்ட் மறுபடியும் கேட்கிறார். கோரினுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். என்ன செய்வதென்று அவர் காதில் நீங்களே சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது, பின்னால் நின்றுகொண்டிருக்கும் அர்லீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.