தமிழ்மதியின் வால்வு

தமிழ்மதிக்கு முப்பத்துமூன்று வயது. காந்திகிராமம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டிருந்தது. போன ஆடியில், பள்ளி மாடிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்ட அன்றுதான் அது தெரியவந்தது. வால்வை மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள்.

அதற்கான ஏற்பாடுகளுக்கே இரண்டு மாதம் ஓடியது. சொத்தைப்பல்லின் கிருமி புது வால்வில் போய்த் தங்கிவிடும் என்று இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். எக்கோ ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அடிக்கடி மதுரைக்கு பஸ். பெரிய டாக்டரிடம் பேச மட்டும் கணவன் பழனிக்குமார் தனியாகப் போவான். "நீ பயந்துக்குவ. நான் கேட்டுட்டு வாரேன்" என்பான். அக்கறை என்றே அவள் நினைத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் லூர்தம்மாள் சம்மதப் படிவத்தோடு வந்தார். பழனிக்குமார் டீ வாங்கப் போயிருந்தான்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா. திசு வால்வு. அடுத்த குழந்தைக்கு அதான் தோதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமே."

"எந்தக் குழந்தைக்கு?"

லூர்தம்மாள் படிவத்தைக் கீழே வைத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அந்த மாத்திரையோடு பிள்ளை உண்டாவது ஆபத்து. விலங்குத் திசுவில் செய்த வால்வுக்கு அந்த மாத்திரை ஆயுசுக்கும் வேண்டாம். ஆனால் அவள் வயதில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தேய்ந்துவிடலாம். மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டி வரும்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. இன்னொண்ணு வேணும்னு நான் யாருகிட்டயும் சொல்லல" என்றாள் தமிழ்மதி.

பழனிக்குமார் டீயோடு நுழைந்தான்.

"ரெண்டாந்தடவை என் நெஞ்சை அறுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் படிவத்தைப் பார்த்தான். "அது பத்து வருசம் கழிச்சுத்தான? அதுக்குள்ள ஒரு பையன் பொறந்துட்டா..."

"நாலு படி ஏற முடியாமக் கெடக்கேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! டாக்டரை வரச் சொல்லுங்க."

டாக்டர் மதியம் வந்தார். "முதல்ல இருந்து சொல்லுங்க சார். என்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அரைமணி நேரம் சொன்னார். அவள் உலோக வால்வு என்றாள். புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "முன்னாடியே உங்ககிட்ட பேசியிருக்கணும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வரி அவளுக்குப் போதவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னாளப்பட்டி வீட்டுக்கு வந்த பிறகு, கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பழனிக்குமார் சமைத்தான், வேளைக்கு மாத்திரை கொடுத்தான், தாங்கிப் பிடித்து நடக்கவிட்டான். அவன் நல்லவனாக நடக்க நடக்க அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

மூன்றாம் வாரம் அவனுடைய அக்கா பேச்சாயி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள்.

"ஏன்டி தமிழு, எந்தம்பிக்கு ஒரு வாரிசு இல்லாமப் பண்ணிட்டியே. இம்புட்டுப் பிடிவாதமா?"

தமிழ்மதி எழுந்தேவிட்டாள். தையல் சுரீரென்று இழுத்தது. தலையணையை இறுக்கிக்கொண்டு கத்தினாள்.

"வாரிசு ரெண்டு பேரு இருக்காளுக மதினி! இந்தா நிக்கிறா ஒருத்தி. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

எட்டாவது படிக்கும் மூத்த மகள் ஜீவிதா, அத்தைக்குக் கொண்டுவந்த காப்பியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். பேச்சாயி ஆரஞ்சுப் பழங்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

தமிழ்மதி, சமையலறை வாசலில் நின்ற கணவன் பக்கம் திரும்பினாள். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு உங்க மககிட்ட நீங்களே சொல்லுங்க."

அவன் மகள் கையிலிருந்த காப்பியை வாங்கி வைத்தான். "உங்களுக்கு ஒரு தம்பி வேணும்னு... அம்மாவைக் கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன். தப்புதான் தாயி."

"நெஞ்சை அறுத்த உடம்போட பிள்ளை பெக்கும்போது அம்மா செத்திருந்தா?" என்றாள் ஜீவிதா.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தமிழ்மதி அவனைத் தேற்றவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். மாத்திரையின் அளவைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை ரத்தம் பரிசோதிக்கத் திண்டுக்கல் போகவேண்டும். "துணைக்கு வரட்டுமா?" என்று பழனிக்குமார் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். "வேணாம்" என்கிறாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று அவளும் அவசரப்படவில்லை.